ஊதிவிட்ட பூச்சி

சாய்ந்தமருது
ஜனவரி 12

அன்பு மகள் நுஸ்ஹாவுக்கு வாப்பாவின் ஸலாம்.

இது என் கையால் நான் எழுதும் முதல் கடிதம். நான்கு நாட்களாக எழுதுகிறேன். முதல் நாள் உன் பெயரோடு வேலை நின்றுவிட்டது. எழுதி முடித்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், அஸருக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள்.

எனக்குச் சுகம். முழங்கால் மட்டும் மழை வருவதை ஒரு நாள் முந்திச் சொல்லுகிறது. மூத்தவள், உன் ராத்தா சிபானாவும் பிள்ளைகளும் நலம். உன் சளி எப்படி இருக்கிறது? அந்த மலையில் குளிக்கச் சுடுதண்ணீர் கிடைக்கிறதா?

எழுபத்திரண்டு வயதில் எதற்கு இந்த வேலை என்று ஊரில் கேட்கிறார்கள். சின்ன வயதிலிருந்து குர்ஆன் ஓதுகிறேன், ஆனால் என் பெயரைத் தமிழில் எழுதத் தெரியாது. வங்கியில் பெருவிரல். வயலுக்குப் போடும் பசளைப் பையில் என்ன எழுதியிருக்கிறது என்று கடைக்காரன் சொல்வதுதான் எனக்கு எழுத்து. நீ ஹொஸ்டலில் இருந்தபோது நான் சொல்லச் சொல்ல உன் உம்மா எழுதுவாள். நீ ஒரு லீவில் வந்து, "என்ன வாப்பா, எல்லாக் கடிதத்திலயும் மீன் சாப்பிடு, மீன் சாப்பிடு எண்டு எழுதிறீங்க?" என்று கேட்டாய். நான் மீனைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவள் மௌத்தாகி நான்கு வருடமாகிறது. இனி நான் சொல்வதை நானே எழுதுகிறேன்.

கல்முனையில் செல்லத்தங்கம் டீச்சர் முதியோருக்கு வகுப்பு நடத்துகிறார். பதினொரு பேர் படிக்கிறோம், ஒன்பது பேர் பெண்கள். எதையும் முதலில் கொப்பியில் எழுத வேண்டும், டீச்சர் சிவப்புப் பேனையால் திருத்துவார், பிறகுதான் நல்ல தாளில் எழுத வேண்டும். இந்தக் கடிதத்தில் பதினேழு சிவப்பு இருந்தது. நீ பார்ப்பது சிவப்பு இல்லாதது.

போனில் கதைத்தால் போதாதா என்று சிபானா கேட்கிறாள். உன் போன் வேலை செய்ய நீ ஒரு பாறைமேல் ஏறி நிற்க வேண்டும். நின்றாலும் பாதிக்குப் பாதி காற்றுத்தான் கேட்கிறது. கடிதத்தில் காற்று இல்லை.

பள்ளிவாசலில் என் மகள் புதுப் பூச்சி ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறாள் என்று சொன்னேன். முஸ்தாக், "ஏன், இருக்கிற பூச்சி காணாதாமா, இன்னொண்டும் வேணுமாமா?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். பதில் எழுதி அனுப்பு. பெரிய எழுத்தில் எழுது.

உன் வாப்பா
முகம்மது தம்பி


காட்டு விடுதி, றத்தோட்டை
ஜனவரி 27

வாப்பாவுக்கு நுஸ்ஹாவின் ஸலாமும் முத்தமும்.

உங்கள் கடிதத்தைக் காட்டுக் காவலர் கீழே தபால் கந்தோரிலிருந்து கொண்டுவந்தார். மூன்று தரம் வாசித்தேன். மீன் இல்லாத முதல் கடிதம்.

சளி போய்விட்டது. அட்டைக்கடிதான் போகவில்லை. சுடுதண்ணீர் விறகடுப்பில் வைத்தால் உண்டு. நான் சுகமாகத்தான் இருக்கிறேன், ஆனால் மனதுக்கு ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

முஸ்தாக் காக்காவிடம் சொல்லுங்கள், இருக்கிற பூச்சிகளில் பாதிக்குமேல் இன்னும் யாரும் பெயர் வைக்கவில்லை. வயலில் ஒரு சிவப்பும் கறுப்புமான பூச்சி உண்டே, நசுக்கினால் தோல் பொங்கிவிடும், அடிக்காதே, ஊதிவிடு என்று எங்களுக்குச் சொல்வீர்களே, அதன் தூரத்துச் சொந்தம் என் பூச்சி. இந்த மலையின் உச்சியில் உதிர்ந்த இலைகளுக்குள் நான்கு கிடைத்தன. நான்கும் பெண். ஆண் ஒன்று கிடைக்காமல் இது புது இனம் என்று எழுத முடியாது. இந்த வகைப் பூச்சிகளில் ஆணின் உடம்பின் கடைசியில் இருக்கும் ஒரு சிறு உறுப்பை வைத்துத்தான் இனம் பிரிப்பார்கள். வாப்பாவுக்கு இதற்குமேல் எழுத எனக்கு வெட்கம்.

காட்டில் தேட எனக்குத் தந்த அனுமதி ஏப்ரல் முப்பதோடு முடிகிறது. நீடிக்க மாட்டார்கள். என் புலமைப்பரிசிலும் அதோடு சரி. மூன்று வருட வேலை ஒரு ஆண் பூச்சியில் நிற்கிறது.

என் மழைக்கோட்டின் தோள் கிழிந்துவிட்டது. சரிவில் கால் வழுக்கும்போதெல்லாம் மரங்களைக் கட்டிப்பிடித்துத்தான் இறங்குகிறேன். சனிக்கிழமை கண்டியிலிருந்து வரும் கல்முனை பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன். ராத்தாவிடம் தைத்து அனுப்பச் சொல்லுங்கள்.

உங்கள் மகள்
நுஸ்ஹா


சாய்ந்தமருது
பெப்ரவரி 8

என் மகள் நுஸ்ஹாவுக்கு, அல்லாஹ் உனக்குக் கால் வழுக்காமல் காக்கட்டும்.

நாங்கள் சுகம். கோட்டுப் பை வந்தது. பையைத் திறந்ததும் மலையின் ஈர வாசனை வீடெல்லாம் பரவியது. கோட்டோடு சேர்த்துத் தைத்த தொப்பிக்குள் ஒரு பிடி பச்சைப் பாசி இருந்தது, உதறிவிட்டேன். சிபானா இரட்டைத் தையல் போட்டிருக்கிறாள். புதன்கிழமை பஸ்ஸில் வருகிறது.

நீ எழுத வெட்கப்பட்டாய். நான் ஐம்பது வருடம் மாடு பார்த்தவன். மாட்டுச் சந்தையில் நாம்பன் காளையை எதைப் பார்த்து வாங்குவார்கள் என்று உனக்குத் தெரியாது. எனக்கு விளங்கிவிட்டது. முஸ்தாக்குக்கும் விளக்கிவிட்டேன்.

வரிப்பத்தான்சேனையில் நெல் வேளாண்மை வெட்டத் தொடங்கிவிட்டார்கள். வயலுக்குப் போகும் வழியில் பஸ் ஜன்னலால் எல்லாப் பெயர்ப் பலகையையும் வாசித்தேன். கல்முனையில் 'இங்கு குப்பை போடாதீர்' என்ற பலகைக்குக் கீழே இருபது வருடமாக நான் வெற்றிலை துப்பி வந்திருக்கிறேன்.

உன் கலியாணத்துக்கென்று நான் கட்டும் வீட்டுக்கு நிலக்கல் பதித்து முடிந்தது. மருதமுனையிலிருந்து றிபாத்தின் வீட்டார் வந்து பார்த்தார்கள். மாப்பிள்ளை ஆசிரியர், நல்ல குணம். நோன்பு முடியட்டும், மறுமொழி சொல்கிறோம் என்றேன். அவசரம் ஒன்றுமில்லை. வீடு எங்கேயும் போகாது.

உன் பூச்சி எப்படி இருக்கும்? காணாமல் போன ஆளைப் பொலிசில் சொல்வதுபோல் அடையாளம் சொல்லி எழுது. நான் வாசித்துக் காட்ட வேண்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
வாப்பா


காட்டு விடுதி
பெப்ரவரி 19

வாப்பா, உங்கள் மேல் அல்லாஹ்வின் அருள் நிறையட்டும்.

கோட்டு வந்தது. ராத்தாவின் தையல் கோட்டைவிட உறுதி. எனக்குச் சுகம். உங்கள் முழங்காலுக்கு மருந்து எண்ணெய் அனுப்புகிறேன்.

இதோ அடையாளம். நீளம் ஒரு பச்சரிசியில் பாதி. வறுத்த கோப்பிக்கொட்டையின் நிறம், வயல் பூச்சியைப் போல் சிவப்பு எங்கும் இல்லை. கால்கள் மஞ்சள். முதுகில் இரண்டு சிறகுமூடிகள், அரைக்கைச் சட்டை போட்டதுபோல் பாதி உடம்பைத்தான் மூடும். மீதி உடம்பு வெளியே. நடக்கும்போது வாலைத் தூக்கிக்கொண்டு நடக்கும், யாரோடோ சண்டைக்குப் போவதுபோல். மூடிக்குக் கீழே சிறகு கிடையாது. பறக்கவே பறக்காது. தள்ளிவிட்டால் நேராகக் கீழே விழும்.

பறக்காததால் இந்த மலையைவிட்டு அது எங்கும் போனதில்லை. கீழே இறங்கினால் சூடு, அடுத்த மலைக்குப் பாதை இல்லை. உலகத்தில் இதை உயிரோடு பார்த்தவர்கள் மூன்று பேர்தான்: நான், காவலர், என் பேராசிரியை.

இது சரிவந்தால் மேடம் என்னை ஜெர்மனியில் பூச்சிகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஒரு நூதனசாலைக்கு மூன்று வருடத்துக்கு அனுப்புவார். சரிவராவிட்டால் அதுவும் இல்லை. றிபாத் வீட்டாரைப் பற்றி இப்போது ஒன்றும் கேட்காதீர்கள் வாப்பா. ஏப்ரல் முடியட்டும்.

நேற்று பன்னிரண்டு பை சருகு சலித்தேன். ஒன்றும் இல்லை.

நுஸ்ஹா


(கொப்பியில் எழுதியது, அனுப்பவில்லை)
பெப்ரவரி 26

மகள்,

அந்தப் பூச்சி இங்கே வந்தது.

கோட்டை உதறியபோது தொப்பிக்குள்ளிருந்து ஒன்று என் மணிக்கட்டில் ஏறியது. கோப்பி நிறம். மஞ்சள் கால். வாலைத் தூக்கிக்கொண்டு நடந்தது. பாடம் வாசித்துக்கொண்டிருந்ததால் மூக்கில் கண்ணாடி இருந்தது, எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. வயலில் ஐம்பது வருடப் பழக்கம். நான் யோசிக்கவே இல்லை. வாய் தானாக ஊதிவிட்டது.

அது பறக்கவில்லை. நேராக முற்றத்து மணலில் விழுந்தது. பறக்கத் தெரியாத பூச்சியும் உண்டா என்று சிரித்துவிட்டு உள்ளே போனேன்.

உன் கடிதத்தை விரல் வைத்து வாசித்தேன். 'நேராகக் கீழே விழும்' என்ற இடத்தில் விரல் நின்றுவிட்டது. நான்காவதாகப் பார்த்தவன் நான். அது ஆணாக இருந்தால் உன் மூன்று வருடத்தை நான் ஊதிவிட்டேன்.

இதை எப்படி


சாய்ந்தமருது
மார்ச் 4

அன்பு மகளுக்கு ஸலாம். ரமழான் உனக்கு நல்லதாக அமையட்டும்.

நோன்பு பிடித்தாகிவிட்டது. எல்லோரும் சுகம். உன் கடிதத்தைப் பள்ளிவாசலில் வாசித்தேன். அரைக்கைச் சட்டை என்ற இடம் எல்லோருக்கும் பிடித்தது.

சில கேள்விகள் உண்டு. அந்தப் பூச்சி மணலில் நடக்குமா? நம் ஊர் வெயிலில் எத்தனை நாள் உயிரோடு இருக்கும்? செத்துக் காய்ந்தது கிடைத்தாலும் உதவுமா? எறும்பு தூக்கிக்கொண்டு போகுமா? சும்மா அறியத்தான் கேட்கிறேன்.

வாப்பா

(அதே உறையில் மடித்து வைத்திருந்த துண்டுத் தாள்)

நுஸ்ஹா, வாப்பாவுக்குத் தெரியாமல் இதை வைக்கிறேன். நீ அவருக்கு என்னத்தை எழுதினாய்? ஒரு கிழமையாக என் மா அரிதட்டை எடுத்து முற்றத்து மணலைச் சலிக்கிறார். நோன்போடு வெயிலில் குந்தியிருக்கிறார். "என்ன வாப்பா செய்யிறீங்க?" என்று கேட்டால், "நுஸ்ஹாட வேலையைப் பழகிறன்" என்கிறார். விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு எழும்பினால் டோர்ச்சோடு கிணற்றடியில் நிற்கிறார். அவரைச் சும்மா இருக்கச் சொல்லு. எனக்குப் புது அரிதட்டு வேண்டும்.
சிபானா ராத்தா


காட்டு விடுதி
மார்ச் 15

வாப்பா, நோன்பு லேசாகப் போகிறதா? வெயிலில் இருக்கிறீர்களாம், தலையில் துணியாவது போடுங்கள்.

ராத்தா எல்லாம் எழுதிவிட்டாள். நான் சிரித்ததில் காவலர் என்ன என்று கேட்டார். என் வேலையை இவ்வளவு ஆசையாகப் பழகும் வாப்பா யாருக்கும் இல்லை. ஆனால் முற்றத்தில் என் பூச்சி கிடைக்காது. அங்கே கிடைத்தால் நான் மலைக்கு வந்திருக்கத் தேவையில்லை.

உங்கள் கேள்விகளுக்கு: மணலில் கொஞ்சம் நடக்கும். ஈரப்பாசி இல்லாவிட்டால் நம் வெயிலில் அரை நாள்கூடத் தாங்காது. உடையாமல் காய்ந்திருந்தால் உதவும். எறும்பு நிச்சயம் தூக்கிவிடும்.

இங்கே நிலைமை நல்லதில்லை. நூற்று நாற்பது பை சருகு சலித்துவிட்டேன். இன்னும் இரண்டு கிடைத்தன, இரண்டும் பெண். ஆண்கள் எங்கே போய்விட்டன? ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் வடக்குச் சரிவைப் பார்க்கவில்லையே என்று எழும்புகிறேன். அங்கே போனால் தெற்குச் சரிவு ஞாபகம் வருகிறது.

துஆச் செய்யுங்கள். உடனே பதில் எழுதுங்கள். உங்கள் கடிதம் வந்தால் அன்றைக்கு நன்றாக வேலை ஓடுகிறது.

நுஸ்ஹா


சாய்ந்தமருது
மார்ச் 29

மகளுக்கு, சுகம் வேண்டி வாப்பா.

பதில் பிந்திவிட்டது. நோன்புக் களைப்பு.

உன் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க ஆள் வந்திருக்கிறான். என்ன நிறம் என்று கேட்கிறான். றிபாத்தின் உம்மா பெருநாளைக்குச் சிபானாவிடம் உடுப்புக் கொடுத்துவிட்டாள். நீ ஒன்றும் கேட்காதே என்றாய், கேட்கவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

பூச்சியைப் பற்றி இந்தக் கடிதத்தில் ஒன்றும் எழுதவில்லை. உனக்குக் கவலை கூடும்.

நிறத்தை மட்டும் எழுது.

வாப்பா


காட்டு விடுதி
ஏப்ரல் 9

அன்புள்ள வாப்பாவுக்கு ஸலாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெருநாளன்று பாறைமேல் ஒரு மணித்தியாலம் நின்றேன். எல்லோரும் கதைத்தார்கள். நீங்கள் மட்டும் ஓம், ஓம் என்று சொல்லிவிட்டுப் போனை ராத்தாவிடம் கொடுத்துவிட்டீர்கள். என்மேல் ஏதாவது கோபமா? ஜெர்மனி என்று எழுதியதாலா?

கோபம் என்றால் அதை விடுங்கள். அது நடக்கப் போவதில்லை. நேற்று மேடம் வந்தார். ஆறு பெட்டைகளை வைத்து எழுதினால் எந்த ஆராய்ச்சிச் சஞ்சிகையும் எடுக்காது என்றார். "இன்னொரு சந்தர்ப்பம் வரும் நுஸ்ஹா," என்று தோளைத் தட்டினார். அப்படித் தட்டினால் முடிந்தது என்று அர்த்தம்.

இருபத்தொரு நாள் இருக்கிறது. சலிக்கிறேன், ஆனால் கை மட்டும்தான் சலிக்கிறது. மே முதலாம் திகதி சாமான்களோடு வீட்டுக்கு வருகிறேன். ராத்தாவிடம் சொல்லுங்கள், றிபாத் வீட்டாருக்கு அவளே மறுமொழி சொல்லட்டும்.

பெயின்ட் எந்த நிறமும் சரி.

நுஸ்ஹா


சாய்ந்தமருது
ஏப்ரல் 16

நுஸ்ஹா மகள், இந்தக் கடிதத்தை முடிவுவரை வாசி. நடுவில் மடித்து வைத்துவிடாதே. எல்லோரும் சுகம், யாருக்கும் ஒன்றும் இல்லை.

உன் கடிதத்தின் கடைசி வரியை வாசித்துவிட்டு எழும்பி நடந்தேன். ஐந்து வயதில் பச்சைச் சட்டை என்றால் எந்தப் பச்சை என்று கடைக்காரனோடு சண்டை பிடித்தவள் நீ. எந்த நிறமும் சரி என்று நீ எழுதினால் அதை எழுதியது என் மகள் இல்லை. அவளை அப்படி ஆக்கியது நான்.

உன் கோட்டை உதறிய அன்று அந்தப் பூச்சி என் கையில் ஏறியது. நீ எழுதிய அடையாளம் ஒன்றும் பிசகவில்லை. வயல் பூச்சியை ஊதுவதுபோல் ஊதிவிட்டேன். நேராக விழுந்தது. ஏறக்குறைய மூன்று கிழமை கழித்து உன் கடிதம் வந்தபோதுதான் விளங்கியது. முற்றத்தைச் சலித்தது அதற்காகத்தான். உன் வேலையைப் பழகுவதற்கு இல்லை. என் கேள்விகளுக்கு நீ எழுதிய பதில்களை வைத்துக்கொண்டு, அரை நாளில் செத்திருக்கும், எறும்பு தூக்கியிருக்கும் என்று அறிந்த பிறகும் சலித்தேன்.

ஊதியது பழக்கம். அதற்கு நீ மன்னிப்பாய் என்று தெரியும். மறைத்தது வேறு. அதையும் எழுதுகிறேன்.

நோன்பு திறந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது சிபானா சொன்னாள்: "அவ ஆண் பூச்சியக் கண்டுட்டா மூணு வருசம் ஜெர்மனி. காணாட்டி வீட்ட வருவா. அல்லாஹ் எது நல்லதோ அதச் செய்யட்டும்." நான் ஆமீன் சொன்னேன். சொல்லும்போது எனக்குள் ஒன்று, காணாமலே போகட்டும் என்று சொன்னது. உனக்குக் கட்டிய வீட்டில் விளக்கு எரிவதைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை. மார்ச் மாதம் முழுக்க அந்த ஆசையோடு நோன்பு பிடித்தேன். அல்லாஹ் ஏற்றிருப்பானோ தெரியாது.

பெப்ரவரியில் கொப்பியில் உண்மையை எழுதியிருந்தேன், பாதியில் விட்டுவிட்டேன். அதை மறந்து கொப்பியை டீச்சரிடம் கொடுத்துவிட்டேன். செல்லத்தங்கம் டீச்சர் எல்லாப் பிழையையும் திருத்தி, அடியில் 'அனுப்பியாச்சா?' என்று சிவப்பில் எழுதியிருந்தார். பக்கத்தைப் புரட்டிவிட்டேன். நேற்று உன் கடிதத்தோடு போனேன். அவர் வாசித்துவிட்டுச் சொன்னார்: "கொப்பியில எழுதினதத்தான் காக்கா நல்ல தாளில எழுதோணும். வேற எழுதினா அது முழுப் பிழை."

இனி முக்கியமானது. நான் படிக்காதவன், ஆனால் ஒன்றை யோசித்துப் பார்த்தேன். உன் கோட்டின் கீழ்ப்பக்கமெல்லாம் சேறும் சருகுமாக இருந்தது. அங்கே பூச்சி இல்லை. தொப்பிக்குள் பாசியோடு இருந்தது. நீ மரத்தைக் கட்டிப்பிடித்து இறங்குகிறாய். தொப்பிக்குள் ஒன்று விழ வேண்டுமென்றால் உன் தலைக்கு மேலிருந்துதான் விழ வேண்டும். நீ மூன்று மாதமாகத் தரையைச் சலிக்கிறாய். பெட்டைகள் முட்டையிடத் தரைக்கு வருகின்றனவோ என்னவோ. ஆண்கள் மரத்துப் பாசியில் இருந்தால்? என் கையில் ஏறியது ஆணா பெட்டையா என்று எனக்குத் தெரியாது. எங்கிருந்து வந்தது என்று தெரியும்.

இதைத் தபாலில் போடவில்லை. பஸ் கண்டக்டர் ஷிப்லியின் கையில் கொடுக்கிறேன். றத்தோட்டைக்கு ஆள் பிடித்து அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறான்.

றிபாத் வீட்டாருக்குச் சிபானா மறுமொழி சொல்லவில்லை. சொல்ல விடவில்லை. அது உன் வாயால் வர வேண்டியது.

பெயின்ட்காரனையும் அனுப்பிவிட்டேன்.

உன் வாப்பா
முகம்மது தம்பி


காட்டு விடுதி
ஏப்ரல் 29

வாப்பாவுக்கு ஸலாம்.

உங்கள் கடிதம் பதினெட்டாம் திகதியே கிடைத்தது. பதினொரு நாள் எழுதவில்லை. நேரமும் இல்லை, கோபமும் இருந்தது. கோபம் ஊதியதற்கு இல்லை. நான் மண்ணைத் தோண்டிக்கொண்டு துஆச் செய்யுங்கள் என்று எழுதியபோது நீங்கள் வேறு துஆவுக்கு ஆமீன் சொல்லியிருக்கிறீர்கள். இரண்டு மாதம் வாப்பா. அதை எழுதியும் விட்டீர்கள். எழுதாமல் விட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. இதை என்ன செய்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

மழைக்கோட்டைத் தலைகீழாகப் பிடித்து, தொப்பியை வாய் திறந்த பைபோல் மரத்தில் சேர்த்துக் கட்டி, மேலே இருந்த பாசியைத் தட்டினேன். முதல் ஆறு நாளும் மழை. இருபத்தாறாம் திகதி, வடக்குச் சரிவில், என் தலைக்கு ஒரு முழம் மேலே இருந்த பாசியிலிருந்து இரண்டு விழுந்தன. காவலர் குடை பிடிக்க, அங்கேயே குந்தியிருந்து பெரிதாக்கும் கண்ணாடியில் பார்த்தேன்.

இரண்டும் ஆண்.

விழுந்த இடமும் அதே தொப்பிதான்.

இன்று மேடத்திடம் கொண்டுபோகிறேன். ராத்தாவிடம் சொல்லுங்கள், றிபாத்துக்கு நானே மரியாதையாக எழுதுவேன். மூன்று வருடம் காத்திருக்கும்படி யாரிடமும் கேட்க மாட்டேன்.

வீட்டுக்குப் பச்சை. தென்னங்குருத்தின் பச்சை. பள்ளிவாசல் பச்சை அடித்தால் நான் உள்ளே வரமாட்டேன்.

முழங்கால் எப்படி இருக்கிறது?

நுஸ்ஹா


சாய்ந்தமருது
அடுத்த வருடம், பெப்ரவரி 8

ஜெர்மனியில் இருக்கும் என் மகள் நுஸ்ஹாவுக்கு வாப்பாவின் ஸலாம். அங்கே பனி என்கிறாய். சிபானா இரட்டைத் தையல் போட்ட கோட்டை உள்ளே போட்டுக்கொண்டு மேலே வேறொன்றைப் போடு.

எங்களுக்குச் சுகம். நீ அனுப்பிய அச்சுத் தாள்கள் வந்தன. இங்கிலீசு எனக்கு ஓடாது, ஆனால் நீ ஓரத்தில் பென்சிலால் எழுதிய தமிழை இரண்டு நாள் வாசித்தேன். தலை இத்தனை, கால் இத்தனை என்று அளந்து, மயிர்கூட எண்ணி எழுதியிருக்கிறாய். மாப்பிள்ளை பார்ப்பவர்கள்கூட இப்படிப் பார்ப்பதில்லை. நீ வெட்கப்பட்ட உறுப்புக்கு முழுப் பக்கத்தில் படம் போட்டிருக்கிறாய். அந்தப் பக்கத்தைப் பள்ளிவாசலில் காட்டவில்லை.

பெயர் இருக்கும் இடத்துக்கு வந்தபோது மெதுவாக வாசித்தேன். நீ எழுதியிருந்தாய்: 'அஃப்லேட்டஸ். லத்தீனில், ஊதப்பட்டது. இந்த இனம் ஆண் கிடைக்கும் முன்பே கிழக்குக் கரையில் ஒரு விவசாயியின் மணிக்கட்டில் காணப்பட்டு, ஊதிவிடப்பட்டதால் இப்பெயர். அது வந்த இடத்தை அவர் கவனித்ததால்தான் ஆண் கிடைத்தது.'

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி வாசித்தேன். அதேதான் இருந்தது.

லுஹருக்குப் பிறகு எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். முஸ்தாக் கேட்டுவிட்டு, "உன்ட பிழையை லத்தீனில எழுதி உலகத்துக்கெல்லாம் அனுப்பியிருக்கா உன்ட மகள்," என்றான். ஓம் என்றேன். வேறு யாருடைய பிழை இவ்வளவு தூரம் போயிருக்கிறது?

றிபாத்துக்குத் தை மாதம் கலியாணம் நடந்தது. சாப்பிட்டுவிட்டு வந்தோம். சிபானா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை, மூன்றாம் நாள் தானாகக் கதைத்தாள். உன் வீடு தென்னங்குருத்துப் பச்சையில் நிற்கிறது. பூட்டிக் கிடந்தால் கறையான் பிடிக்கும் என்று முன்னறையில் எங்கள் வகுப்பை நடத்துகிறோம். செவ்வாயும் வெள்ளியும் விளக்கு எரிகிறது. நீ வருகிறேன் என்று எழுதிய அன்றைக்கே வகுப்பை எடுத்துக்கொண்டு எழும்பிவிடுவோம்.

எழுத்து கோணலாக இருக்கிறது என்று நினைப்பாய். சொல்கிறேன். போன மாதக் கடைசியில் வரிப்பத்தான்சேனைக்குப் போனேன். வரம்பில் குந்தியிருந்தபோது அந்தச் சிவப்பும் கறுப்புமான வயல் பூச்சி ஒன்று கையில் ஏறியது. ஊத வாய் குவிந்துவிட்டது. குவித்த வாயை மூடிக்கொண்டேன். கண்ணாடியைப் போட்டு, அரைக்கைச் சட்டையா, வால் தூக்குகிறதா என்று கிட்டத்தில் வைத்து நன்றாகப் பார்த்தேன். பார்த்துக்கொண்டிருந்தபோது கை மடங்கி அது நசுங்கிவிட்டது.

மூன்று விரல் பொங்கி நீர் கோத்திருக்கிறது. அதனால் இந்தக் கடிதத்துக்கு ஒன்பது நாள் பிடித்தது. டீச்சர் ஒரு சிவப்புக்கூடப் போடவில்லை.

உன் வாப்பா
முகம்மது தம்பி